ஜும்பேயின் நோன்பு

லாமு தீவில் பூனைக்கென்று டாக்டர் கிடையாது, கழுதை டாக்டர்தான். அவர் ஜும்பேயை மீன்துறைத் தராசில் தூக்கி வைத்தார். முள் போன தூரத்தைப் பார்த்து மீனவர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது பூனையா, ஆட்டுக்கிடாயா? ஸெய்தூனி, சர்க்கரை வியாதி வாசல்ல நிக்குது. தேங்காய்ப்பால் மீன், எண்ணெய்ப் பலகாரம் எல்லாத்தையும் இன்னையோட நிறுத்து. உப்பில்லாம அவிச்ச மீன், அதுவும் அளவா. இல்லன்னா அடுத்த மழைக்கு இவன் இருக்க மாட்டான்."

ஸெய்தூனிக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பல் வேலைக்குப் போன புருஷன் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. வீட்டில் அவளுக்கு முகம் கொடுக்கிற ஒரே ஜீவன் ஜும்பேதான்.

அவித்த மீனை வைத்தாள். ஜும்பே முகர்ந்தான், அவளை ஏற இறங்கப் பார்த்தான், வெளியே போய்விட்டான். பசித்தால் வருவான் என்றிருந்தாள். வந்தான். மீசையெல்லாம் தேங்காய்ப்பால்.

அண்டை வீட்டாரிடம் போய் 'சோறு போடாதீர்கள்' என்று சொல்ல முடியுமா? அதைவிட அவர்கள் கன்னத்தில் அறைந்துவிட்டு வரலாம். ரமலான் மாதம் வேறு. யோசித்து யோசித்து ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள்.

"ஜும்பேயும் நோன்பு பிடிக்கிறான்," என்றாள் சந்தில்.

நம்பாமல் இருக்க யாருக்கும் மனசு வரவில்லை. பகலில் ஒருவரும் ஒரு துண்டு மீன் நீட்டவில்லை. ஸெய்தூனிதான் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாக அவித்த மீனைக் காட்ட வேண்டியிருந்தது. அதையும் அவன் தொடவில்லை. நோன்பு என்றால் இதுவல்லவா நோன்பு!

பள்ளிவாசலில் மாலை பாங்கு ஒலித்ததும் வாசலில் தட்டு தட்டாகப் பலகாரம் வந்து இறங்கியது. முன்னால் நின்றது எதிர்வீட்டு ரெஹேமா.

"நோன்பாளிக்கு நோன்பு திறக்க வெச்சா அந்த நோன்போட நன்மை நமக்கும்டி. ஜும்பே ராசா, முதல்ல பேரீச்சம்பழம், அப்புறம்தான் எண்ணெய்ல பொரிச்ச சம்புசா."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். தினமும் பாங்குக்கு முன்பே ஜும்பே சந்தின் நடுவில் வந்து உட்கார்ந்தான். பிறைக்கு வயிறு வளர்ந்ததோ இல்லையோ, அவனுக்கு வளர்ந்தது. ஒரு நாள் வாசற்படி ஏற முடியாமல் பின்னங்கால் மடங்கி விழுந்தான்.

ஸெய்தூனி தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "அவன் நோன்பெல்லாம் பிடிக்கலக்கா. சீக்காளி. நீங்க எல்லாரும் சேர்ந்து அவனைக் கொல்றீங்க!"

ரெஹேமா ஓடி வந்தாள். "அடிப்பாவி, சொல்ல வேண்டாமா? உப்பில்லாம, தேங்காய் இல்லாம மீனை அவிச்சு வெச்சியே. வாசம் வந்துச்சு. புருஷன் பணம் அனுப்பல, குடும்பம் நொடிச்சுப்போச்சு போலன்னுதானே நாங்க, உனக்குக் குடுத்தா கூசுவ, பூனைக்காவது போடுவோம்னு போட்டோம்!"

அதற்குள் மதரசா ஆசிரியர் மாலிம் கொம்போ வந்துவிட்டார். வழக்கைக் கேட்டு, தாடியைத் தடவி, துளிச் சிரிப்பில்லாமல் தீர்ப்புச் சொன்னார்.

"தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்ல. ஆனா விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சோறு போடணும். ஜும்பே போடட்டும்."

"பூனைக்கு ஏழை யாரு மாலிம்?" என்றாள் ரெஹேமா.

"வேற யாரு? பூனைதான்."

மறுநாள் மாலை அதே தட்டுகள் ஜும்பே பேரால் வந்தன. மீன்துறையின் எலும்பும் தோலுமான பூனைகள் எல்லாம் சந்தில் கூடிவிட்டன. ஸெய்தூனி ஜும்பேயை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் சம்புசா, தன் தேங்காய்ப்பால் மீன், எல்லாம் ஊரான் வாயில் போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தட்டுகள் காலியாயின. ஒற்றைக்கண் பூனை ஒன்று இன்னும் போதாமல், ஓரமாக இருந்த அவன் கிண்ணத்து அவித்த மீனில் வாயை வைத்தது.

ஜும்பே சீறிக்கொண்டு குதித்தான். அதை ஓர் அறை அறைந்து விரட்டிவிட்டு, கிண்ணத்தில் தலையை நுழைத்துக் கடைசித் துணுக்கு வரை நக்கித் தின்றான்.

"தின்னுட்டான்க்கா!" என்று கத்திய ஸெய்தூனி, ஓடிப்போய் அந்த ஒற்றைக்கண் பூனையைத் தேடிப் பிடித்து, "நாளைக்கும் வந்துடு ராசா," என்று அதன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள்.