கதவை ஒட்டி வைத்த பேட்டரி

கூரியர்காரன் தன் மின்சார பைக்கின் பேட்டரியைக் கழற்றி, வாசற்கதவை ஒட்டித்தான் சார்ஜ் போடுவான். அன்று சார்ஜர் கெட்டுப்போகவே நண்பனுடையதை வாங்கி வந்திருந்தான்.

“வேற வண்டியோடதாச்சே, ஒத்துக்குமா?” என்றாள் மனைவி.

“பின்னு பொருந்துதுல்ல, போதும்” என்று சொல்லிவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனான்.

பேட்டரி வெடித்த சேதி கேட்டுப் பாதி வெட்டிய தலையோடு ஓடிவந்தான். வீட்டுக்கு இருந்த ஒரே வழி எரிந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் சன்னல் கம்பியை அறுத்து மனைவியை வெளியே எடுத்தார்கள். உள்ளறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அவளுடைய அப்பா புகையிலேயே போய்விட்டார்.



இப்போது பார்சல் கொடுக்கப் போகும் வீட்டில் கதவருகே பேட்டரி சார்ஜில் இருந்தால், “அதை மொதல்ல தள்ளி வைங்க” என்பான்.

“உனக்கெதுக்குப்பா ஊர்வம்பு?” என்பார்கள்.

“வழிய மறிக்குதுங்க.”

அவர்கள் நகர்த்தும்வரை பார்சலை நீட்டமாட்டான்.