ஹாம்பர்க்கில் மூன்று இரவு

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. திருப்பூர் மங்கலம் சாலையில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், மூன்று பேர் ஏப்ரலில் ஐரோப்பா போய்வர ஆறு இரவுகள் ஒதுக்கப்பட்டன.

ஆறை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு முதலாளி மகுடேஸ்வரனின் அறையில் நடந்தது. போகிறவர்கள் அவர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நிதிஷ், தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான ரோஸ்மேரி. ஹாம்பர்க்கில் இருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பிய குழந்தை உடைகள் துவைத்ததும் அளவுக்கு மேல் சுருங்குவதாகப் புகார். நேரில் பதில் சொல்ல ரோஸ்மேரி தேவைப்பட்டார். பார்சிலோனாவில் புதிதாக அறிமுகமான ஒருவர் கடைகளைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பாரிஸில் யாரைப் பார்க்கிறோம் என்று நிதிஷ் கேட்டார்.

"ஈபிள் டவரைத்தான். அதைப் பாக்காம வந்தா தேஜஸ்ரீ என்னைய ஊட்டுக்குள்ள உடமாட்டா" என்றார் மகுடேஸ்வரன்.

தேஜஸ்ரீ அவருடைய மகள். ஆம்ஸ்டர்டாமிலும் ஒரு இரவு முடியுமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். காங்கேயத்து ரைஸ்மில்காரர் ஒருவர் அங்கே போய்விட்டு வந்து ஆறு மாதமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறாராம். நாள் இல்லை என்றார் நிதிஷ். ஹாம்பர்க்கில் ஏப்ரல் பதினாறு, பதினேழு, செவ்வாய், புதன் இரண்டு நாளும் கூட்டம் என்று அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். கடைசியில் ஹாம்பர்க் மூன்று, பார்சிலோனா இரண்டு, பாரிஸ் ஒன்று என்று முடிவானது. ஒரு பெட்டியில் எந்த அளவு பனியன் எத்தனை போக வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் மகுடேஸ்வரன் அதைச் சொன்னார். பிறகு ரோஸ்மேரி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க பாக்கோணும்?"

"எங்கன்னாலும் சரிதான் சார்" என்றார் ரோஸ்மேரி.

அவருக்கு ஒரு ஊர் இருந்தது. தங்கை அமலி கன்னியாஸ்திரி. பதினாறு வருடமாக ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரு மடத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறார். தூத்துக்குடிப் பக்கமுள்ள சொந்த ஊருக்கு, அப்பாவின் அடக்கத்துக்காக, கடைசியாக வந்துபோனது பதினோரு வருடத்துக்கு முன்பு. ஜனவரியில் அமலியின் தலையில் கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்துவிடலாம், எடுத்த பிறகு பேச்சு முன்போல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்ஸ்டர் ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்.

அமலி அதற்கு முந்தைய வாரமே போனில் கேட்டிருந்தார். மருத்துவமனை ஏப்ரல் பதினாறு அல்லது பதினெட்டு என்று இரண்டு தேதி கொடுத்திருந்தது. அக்கா ஒரு நாள் வர முடியும் என்றால் பதினெட்டு. இல்லாவிட்டால் பதினாறு. பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, அறுவைக்கு முன்னால் பேச வேண்டும் என்றார். இப்போதே சொல்லேன் என்றார் ரோஸ்மேரி.

"போன்ல சொல்லுத காரியம் இல்லக்கா. நேர்ல வா."

நிறுவனத்தில் யாருக்கும் அமலியைத் தெரியாது. விசாவுக்கு அனுப்பிய கடிதத்தில் வணிகப் பயணம் என்று போட்டிருந்தது. கம்பெனி செலவில் சொந்த வேலை பார்க்கிறாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது ரோஸ்மேரியின் எண்ணம். அதனால் அறையில் கேட்காமல், மறுநாள் செக்கிங் மேசை அருகே நிதிஷ் தனியாக நின்றபோது கேட்டார்.

"கையில நாள் எதும் வச்சிருக்கியா தம்பி? எனக்கு மட்டும் சொல்லு."

"இல்லீங்க மேடம். ரெண்டு நாளும் ஃபுல்லுங்க."

திருப்பூரில் ஒரு ஆர்டர் முப்பதாம் தேதி கப்பலேற வேண்டுமென்றால் மெர்ச்சண்டைசர் தையல் பிரிவுக்கு இருபத்தெட்டு என்பார். நடுவில் இருக்கும் இரண்டு நாள் அவர் கையில் இருக்கும். சாயம் தாமதமானால், தையல்காரர்கள் ஊருக்குப் போய்விட்டால், அந்த நாள்தான் காப்பாற்றும். இருப்பதைச் சொன்னால் அது அன்றைக்கே செலவாகிவிடும். ஆகவே யார் கேட்டாலும் இல்லை என்பதுதான் பதில். ரோஸ்மேரியும் இருபத்துநாலு வருடமாக வாடிக்கையாளரின் ஆய்வாளர் வரும் தேதியை லைன் சூப்பர்வைசர்களிடம் உண்மையான தேதிக்கு ஒரு நாள் முந்தைய தேதியாகத்தான் சொல்லிவந்தார். கையில் நாள் இருக்கிறதா என்று அவர்களும் அவரிடம் வந்து கேட்பார்கள். அவரும் இல்லை என்பார்.

ரோஸ்மேரி நிதிஷிடம் மறுபடி கேட்கவில்லை. அன்று மாலை பேருந்தில் போகும்போது அமலியை அழைத்தார். வர முடியாது போலிருக்கிறது என்றார்.

"சரிக்கா. அப்ப பதினாறே வைக்கச் சொல்லிருதேன்" என்றார் அமலி. திருப்பூரில் வெயில் எப்படி என்று விசாரித்தார். ரோஸ்மேரி பதில் சொன்னார்.

ஏப்ரல் பதினைந்து, திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு மூவரும் ஹாம்பர்க் வந்து சேர்ந்தார்கள். செவ்வாய் காலை ஒன்பதரைக்குக் கூட்டம் தொடங்கியது. எட்டு மணிக்கே அமலியை அறுவைக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று மடத்திலிருந்த மலையாளி சிஸ்டர் செய்தி அனுப்பியிருந்தார். ரோஸ்மேரி துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் மேசைமேல் பரப்பி அளந்து காட்டினார். துணியை எந்தச் சூட்டில் உலர்த்தினார்கள் என்று கேட்டார்கள். சொன்னார். அடுத்த லாட்டில் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டே முக்காலுக்கு வாடிக்கையாளர் தரப்பில் பேசிய அம்மாள் எழுந்து கை கொடுத்தார். விஷயம் முடிந்தது, மீண்டும் சந்திப்போம் என்றார்.

வெளியே வந்ததும், நாளைக்கும் கூட்டம் என்றாயே என்று மகுடேஸ்வரன் நிதிஷிடம் கேட்டார். வாடிக்கையாளர் முதலிலிருந்தே ஒரு நாள்தான் கேட்டிருந்தார்கள், மறுபடி சாம்பிள் கேட்டால் என்ன செய்வது என்று புதன்கிழமையைத் தானே வைத்திருந்ததாக நிதிஷ் சொன்னார்.

"கெட்டிக்காரன்தான் கண்ணு. சொல்லியிருந்தா நான் அதை ஆம்ஸ்டர்டாமுக்குப் புடுங்கியிருப்பேன்" என்று மகுடேஸ்வரன் சிரித்தார்.

அப்போதுதான் ரோஸ்மேரி அமலியைப் பற்றிச் சொன்னார். நடைபாதையில் நின்றபடி நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மகுடேஸ்வரன் சிரிப்பை நிறுத்தினார். நாளைக்கே போய் வாங்க, டிக்கெட் போடச் சொல்கிறேன் என்றார். நிதிஷ் போனை எடுத்து ரயில் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினார்.

"எதுக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா குடுத்திருப்பனுங்க மேடம்."

"கேட்டேனே" என்றார் ரோஸ்மேரி.

புதன்கிழமை காலை ரயிலில் போனார். மலையாளி சிஸ்டர் நிலையத்துக்கு வந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நிமிடம் அனுமதித்தார்கள். அமலி கண் திறக்கவில்லை. தலையில் கட்டு, மூக்கில் குழாய். போர்வையின் ஓரத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. ரோஸ்மேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கையின் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது. மடத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள், சாப்பிட்டார். அமலி என்ன சொல்ல நினைத்தார் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மணி ரயிலில் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அமலி விழித்தார். அப்போது ரோஸ்மேரி பார்சிலோனாவில் ஒரு கடையின் குழந்தைகள் பிரிவில் உடைகளின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளி சிஸ்டர் போனை அமலியின் காதில் வைத்தார். ரோஸ்மேரி தமிழில் பேசினார். மறுமுனையிலிருந்து, நன்றி என்பதற்கான ஜெர்மன் சொல் இரண்டு முறை வந்தது. தண்ணீர், வலி, ஜன்னல் என்று இன்னும் சில சொற்கள் வருவதாக சிஸ்டர் சொன்னார். எல்லாம் ஜெர்மன்.

சனிக்கிழமை பாரிஸ் போனார்கள். ஜூன் முடிய அமலிக்குத் தமிழ் வரவில்லை.