லோகு வீட்டில் இறங்கிய பனி

கத்திரி வெயில் தொடங்கிய அன்று காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் லோகுவின் வீட்டுக்குள் மட்டும் பனி இறங்கியது. சாயங்காலத்துக்குள் சிமென்ட் தரையைப் பிளந்துகொண்டு புல் முளைத்துவிட்டது. தக்காளி விலை ஏறியதைப் பேசிய அளவுக்குத்தான் தெருவில் இதையும் பேசினார்கள். கோரை என்றார் ஒருவர், கோதுமை என்றார் இன்னொருவர். லோகுவின் மனைவி கிரேஸ் போர்வையும் அரிவாளுமாக நின்று, "இன்னாய்யா பேஜாரு இது? அறுக்க அறுக்க வளந்துகினே கீது!" என்று கத்தினாள். என்ன புல் என்று லோகுவுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

லோகு கம்பெனித் தோட்டக்காரன். அதற்கு முன்னால் வயலில் களை பறித்தவன். மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில், வெளிநாட்டு முதலாளிகள் வரும்போது தரை பச்சையாக இருக்கவேண்டுமென்று, குளிரில் வளர்ந்து வெயிலில் மடியும் ஒரு புல்லின் விதை மூட்டையில் வந்தது. கூட வேலை பார்த்த ஏஞ்சலின் அதை மணலோடு கலந்து, ஒட்ட வெட்டிய அருகம்புல்லின்மேல் தூவி, தினமும் குந்தி உட்கார்ந்து தண்ணீர் தெளித்து முளைக்கவைத்தாள். லோகு அப்போது ஒரு கல்யாணத்துக்குப் பொதட்டூர்பேட்டை போயிருந்தான். திரும்பிவந்தது ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் ஆளில்லை. அருகம்புல்லுக்கு நடுவே அடித்தண்டு சிவந்த நாற்றுகளைப் பார்த்தான். நெல்வயலில் அடி சிவந்தால் களை. கை தானாக இறங்கியது. ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குப்பையோடு கொளுத்தினான். மறுநாள் வெறும் அருகம்புல்லைப் பார்த்த சூப்பர்வைசர் ஜனார்தனன், ஏஞ்சலின் விதையைத் தூவாமல் விற்றுவிட்டாள் என்று முடிவுகட்டினார். "லோகண்ணா, நேத்து நீதான வந்த? மொளச்சிருந்துச்சா இல்லியா, சொல்லுண்ணா!" என்று அவள் கெஞ்சினாள். லோகு மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் 'விதை திருடி' என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் கேட்டில் நின்றது. கடைசியில் கூடையில் மீன் சுமந்தாள்.

இப்போது தெருவில் மீன் விற்க வந்த ஏஞ்சலின்தான் அதிசயத்தைப் பார்க்க உள்ளே நுழைந்தாள். ஒரு தண்டைப் பிடுங்கினாள். அடி சிவப்பு. இலையின் பின்பக்கம் எண்ணெய் தடவிய மினுக்கு. இலை தண்டைச் சேருமிடத்தில் இரண்டு குட்டிக் கொக்கிகள் தண்டைக் கட்டிப்பிடித்திருந்தன.

"இது நான் வெதச்ச புல்லு. உன் ஊட்ல எப்டி மொளைக்குது?"

"களைன்னு நெனச்சுப் புடுங்கிட்டேம்மா."

"புடுங்குன, சரி. அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

லோகு மறுநாளே கம்பெனிக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ஜனார்தனன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். புது சூப்பர்வைசர், "எந்த ஏஞ்சலின்?" என்று கேட்டார்.

ஏஞ்சலின் மன்னிக்கவில்லை. ஆனால் மத்தியானத்தில் மீன்கூடையோடு வந்து, "தள்ளு, வழிய வுடு" என்று லோகுவைத் தாண்டிப் போய் கிரேஸோடு புல்லில் படுத்துக்கொண்டாள். ஐஸ் இல்லாமலே மீன் கெடவில்லை. லோகு உள்ளே வந்தால் மட்டும், அவன் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தது. புல் கருகக்கூடாதென்று அவன் வாசலிலேயே தங்கிக்கொண்டான்.