உப்பு மாத்தின பொண்ணு

தட்டின் நடுவில் ஒரு குத்துக் கல்லுப்பு, வெற்றிலை ஈரம் பட்டு ஓரத்தில் லேசாகக் கசிகிறது, தட்டு என் கையில், மகனுக்குப் பொண்ணு பேசி வந்த வீடு இது, சம்பந்தி எதிரே நிற்கிறார், ஆனாலும் கை கனக்கக் கனக்க எனக்கு என் அய்யா வீட்டு முற்றமாகவே தெரிகிறது, பத்திரிகையில் நிச்சயதார்த்தம் என்று போடுவார்கள், எங்கள் உப்பளத் தெருவில் அந்தச் சொல்லை எவள் சொன்னாள், கேட்டு வந்திருக்காக என்பாள், பேசி முடிச்சாச்சு என்பாள், பேசினதை மாற்றிப் பேசிவிடலாம், வைத்த பூவைக்கூட எடுத்துவிடலாம், உப்பு மாத்தியாச்சு என்று சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க எங்களில் ஆள் கிடையாது, என்னைக் கேட்டு வந்த அன்றைக்குத் தட்டில் இருந்தது நான் வாரின உப்பு, கால் வெடிப்பு எரிய எரிய வாரி முந்தானையில் முடிந்து வந்தது, அய்யா தட்டைத் தூக்கிவிட்டார், அப்போதுதான் மாப்பிள்ளை சுயம்புவின் அம்மா சொல்கிறாள், அண்ணாச்சி, உப்பு மாத்தின பொண்ணு இனிமே அளத்துல போயி நிக்கக் கூடாது, நாங்க நாலு பேர் முன்னால தல காட்டணும்லா, அய்யா தலையாட்டப் போகிறார், அளத்துக் கங்காணிக்கு ஆட்டி ஆட்டிப் பழகின தலை, நான் கதவை விட்டு வெளியே வந்து தட்டைப் பிடித்துக்கொள்கிறேன், அத்த, தட்டு இன்னும் மாறல, இப்பமே சொல்லிருதேன், கல்யாணத்துக்குப் பெறவும் நான் அளத்துக்குப் போவேன், சரிப்படாதுன்னா உங்க உப்ப நீங்க கொண்டுபோங்க, எங்க உப்பு எங்ககிட்டயே இருக்கட்டும்.

ஏட்டி வாய மூடு என்று அம்மா இடுப்பில் கிள்ளினாள், இப்பமே இந்த வாயா என்றாள் அத்தை, கல்யாணம் என் கையிலிருந்து வழுக்கிப் போவது எனக்குத் தெரிந்தது, தட்டை விடவில்லை, உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிற சுயம்பு பாயில் இருந்தபடியே சிரித்துவிட்டான், வாங்கும்மா, எம்புட்டு நேரம் புடிச்சிக்கிட்டு நிப்பா, அவ வாருத உப்பத்தான நான் ஏத்துதேன், நான் போவலாம் அவ போவக் கூடாதா, அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள், ஆனால் வாங்கினாள், மறுநாள் அளத்தில், வழி விடுங்கட்டி, உப்பு மாத்தின மகராசி வாறா என்று கூட உப்பு வாருகிற மாரித்தங்கம் கத்துகிறாள், வெயிலில் கண் கூசுகிறது, உப்பு வாருகிற பலகையை இழுக்க இழுக்கப் பாத்தி முழுசும் தட்டாக விரிகிறது, அதன் நடுவில் நான் நிற்கிறேன்,

மதினி, தட்டத் தாங்க, என்கிறார் சம்பந்தி, நான் கொடுக்கவில்லை, பொண்ண வரச் சொல்லுங்க அண்ணாச்சி, வருகிறாள், வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவள், முழங்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள், பட்டுச் சேலையை இழுத்து மறைக்கிறாள், மறைக்காத தாயி, வேலயப் பத்திச் சொல்லணும்னா தட்டு மாறுமுன்ன சொல்லிரு, அவள் அப்பனைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், போவேன் அத்த, என்கிறாள், தட்டை அவளிடமே நீட்டுகிறேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள், உப்பு ஒரு கல்கூடச் சிந்தவில்லை, தட்டின் நடுவில் தலை நிமிர்ந்து நிற்கிறது.