தவசு முடித்தவனின் பசி

ஈஸ்டருக்கு மறுநாள் காலை, சவுக்குக் கட்டுகளை விறகுக் கடையில் இறக்கிப் போட்ட கையோடு இன்னாசி மாட்டு வண்டியை மீன் மார்க்கெட் பக்கம் ஓட்டினான். நாற்பது நாள் தவசு காலம் முழுக்கக் கவுச்சி தொடாத நாக்கு. வில்லியனூரிலிருந்து மூலக்குளம் தாண்டி வரும் வழியெல்லாம் தனக்கொடியின் சுறாப்புட்டை நினைத்து எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. ஆனால் பூவரச மரத்தடியில் அவள் கடை இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஒருவன் தர்பூசணிப் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இன்னாசிக்கு மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருத்தனுக்காக உலை வைப்பதாவது என்று பகல் சாப்பாட்டைத் தனக்கொடியிடமே வைத்துக்கொண்டான். கடை என்றால் ஒரு அடுப்பு, இரண்டு சட்டி, அவள் உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். சுறாப்புட்டில் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுவாள். உரிக்கச் சோம்பல். அந்தச் சோம்பல்தான் அதில் ருசி. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். இரண்டு பேரும் இதையெல்லாம் உட்கார்ந்து பேசியதில்லை. இலை நீட்டும்போதும் வாங்கும்போதும் சிந்தியதுதான்.

தவசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள், அவன் கேட்காமலே இன்னொரு கை அள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எத்தினி நாளிக்குத்தான்யா ரோட்டுல நின்னுக்கினே துன்னுவ? நாளிக்கி எங்க வூட்டுக்கு வா. வஞ்சிரம் வாங்கிக் கொழம்பு வெக்கிறேன். கடைய கட்டுற நேரத்துக்கு வா, நானே இட்டுக்கினு போறேன்.”

இன்னாசி தலையை ஆட்டினான். இந்த வயதிலும் காது சிவக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான். ஊருக்குத் திரும்பி, தெருவில் பெண்கள் மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றுவதைப் பார்த்த பிறகுதான் மறுநாள் என்ன நாள் என்று உறைத்தது. அவன் ஊரில் தவசு தொடங்கினால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சட்டி பரண் ஏறினால் முடிந்தது. ஊருக்கே தெரிந்தது உலகத்துக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டான், பைத்தியக்காரன். கடலோரத்து மாரியம்மன் பக்தை விபூதிப் புதனைக் கண்டாளா, பெரிய வெள்ளியைக் கண்டாளா? போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மீன் வாசம் பட்டால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும், அவள் முகத்தைப் பார்த்தால் அதற்கும் முன்னாலேயே போய்விடும் என்று பயந்து, அன்றிலிருந்து தினமும் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிட்டான். ஈஸ்டர் வரட்டும், எல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது யாரைக் கேட்பது? நடுத்தெருவில் நின்று ஒரு பொம்பளையை எங்கே என்று விசாரிக்க அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் புட்டை விசாரித்தான். “சொறாப்புட்டு எங்கப்பா நல்லா இருக்கும்?” தின்னக் கேட்பவனுக்கு வழி சொல்லாத ஊர் உண்டா? ஆளுக்கு ஒரு கடையைக் காட்டினார்கள். ஒன்றில் தேங்காய் தூக்கல். ஒன்றில் மீனே பழசு. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருத்தியின் புட்டு நிஜமாகவே நன்றாக இருந்தது; ஆனால் அவன் தின்பதை நிறுத்திவிட்டு விரலால் இலையைக் கிளறினான். பூண்டு பளபளவென்று உரித்திருந்தது. நல்ல புட்டு கிடைத்தும் ஒருவன் அழப் பார்ப்பதை அவள் வினோதமாகப் பார்த்தாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பூவரச மரத்துக்கே திரும்பி, எதிரில் பணியாரம் சுடும் சின்னபொண்ணுவிடம் போய் நின்றான். அவள் திருப்பிப்போட்ட பணியாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொறாப்புட்டா தேடுற? நல்லாத் தேடுன போ. அந்தாண்ட தெருவுல நீ வண்டிய திருப்புறத நெதமும் பாத்துக்கினுதான் இருந்தா. ஒரு நாளு ரெண்டு நாளா? அப்பறம் சட்டிய தூக்கிக்கினு பூட்டா. பாகூர் ரோடு பிரியுற எடத்துல, சாராயக் கடைக்கு எதுத்தாப்புல போடுறாளாம்.”

மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் மறுபடி மதுவிலக்கு வந்திருந்த சமயம். கடலூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக இந்தப்பக்கம் வந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள விற்பவர்களுக்கு அங்கேதான் வியாபாரம். இன்னாசி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அந்த வெயிலில் தெற்கே ஓட்டினான்.

தனக்கொடி கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் கரண்டி ஒரு கணம் நின்றது. அப்புறம் எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டாள்:

“வாங்கண்ணே. இன்னா வேணும்?”

அவள் அவனை ஒருநாளும் அண்ணே என்றதில்லை. வாங்க என்றதும் இல்லை.

“தவசு, தனக்கொடி,” என்றான். “எங்க சனம் அந்த நாளுல கவுச்சி தொடாது.”

“அத வந்து சொல்லாததும் தவசா?”

அவள் புட்டை அள்ளி இலையில் வைத்தாள். ஒரு கைதான். “வஞ்சிரத்த பக்கத்து வூட்டுல குடுத்துட்டேன். நல்லா இருந்துச்சின்னாங்க.”

“நீ துன்னலியா?”

அதற்குள் எவனோ யக்கா என்று கத்தினான். அவள் திரும்பிக்கொண்டாள். காலையிலிருந்து கடை கடையாகத் தின்று வயிறு கல்லாகக் கிடந்தும், இன்னாசி இலையில் இருந்ததை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தான். இலையைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது அவள் குடம் காலியாக இருந்தது. யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு சாலையோரத்துக் கைப்பம்புக்குப் போனான்.

தளும்பத் தளும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து அடுப்பருகே நின்றான். எங்கே இறக்குவது என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடிகாரர்கள் இருபுறமும் கையை நீட்டிக்கொண்டிருக்க, தண்ணீர் கழுத்தோரம் வழிந்து சட்டையை நனைக்க, குடத்தை ஒரு கையால் பிடித்தபடி அவள் நிமிர்வதற்காக நின்றுகொண்டிருந்தான்.