மூடுபனி யார் பக்கம்?

தொடர்ந்து ஏழாவது சனிக்கிழமையும் பல் டாக்டரிடம் தோற்றபோது என் மைத்துனன் பகடையைக் கீழே வைத்தான். தன் மலைப்படை வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் படுக்க வைத்தான். கடைசி வீரனையும் வைத்து மூடிய பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"மாமா, அந்தச் சதுப்புப் படையில ஏதோ கோளாறு இருக்கு. விதியை எழுதினவர் நீங்கதானே. நீங்களே பாருங்க."

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். கடைக்கு மேலே, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில், ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசை கிடக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன் அதன்மேல் தக்கையால் மலையும் ஸ்பாஞ்சால் காடும் செய்து, விரல் உயர வீரர்களை நிறுத்தி, ஒரு போர் விளையாட்டை உண்டாக்கினேன். மலை, சதுப்பு, ஆறு, காடு என்று நான்கு படைகள். ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் எடை உண்டு. வேல்காரனுக்கு ஐந்து, வில்காரனுக்கு எட்டு, பூதத்துக்கு நாற்பது. ஒரு படையின் மொத்த எடை முந்நூறைத் தாண்டக் கூடாது. எதிராளியின் கொடிமேட்டைப் பிடித்தவர் ஜெயித்தார்.

ஆடுகிறவர்கள் நான்கே பேர். மலைப்படைக்கு என் மைத்துனன், லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய நட்டுகளையும் வாஷர்களையும் பற்றவைத்துத் தன் ஆட்களுக்குக் கேடயம் செய்திருக்கிறான். சதுப்புப் படைக்குப் பல் டாக்டர். பல் அச்சு எடுக்கும் மாவில் வார்த்த அவருடைய வீரர்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனி முகம் இருக்கும். ஆற்றுக்கு சர்வேயர், காட்டுக்கு பஸ் டிரைவர். நான் ஆடுவதில்லை. விதி சொல்வதும் எடை போடுவதும் என் வேலை.

ஏழு ஆட்டம் என்பது சும்மா இல்லை. அந்த வாரம் சதுப்பு வில்காரனின் எடையை எட்டிலிருந்து பத்தாக்கினேன். டாக்டர் இரண்டு வில்காரர்களைக் குறைத்துக்கொண்டு வந்து, மறுபடியும் ஜெயித்தார். அடுத்த வாரம் பன்னிரண்டு ஆக்கினேன். ஜெயித்தார். சரி, சதுப்பைத் தொட வேண்டாம், மலைக்குப் பலம் கூட்டுவோம் என்று மலைப் பூதத்தை நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறக்கினேன். என் மைத்துனன் கூடுதல் பூதங்களோடு வந்து நின்றான். அப்போதும் தோற்றான். ஆனால் அதே பூதங்களோடு சர்வேயரை எதிர்த்து ஆடியபோது, ஒரு மணி நேரத்தில் ஆற்றுப்படையைத் துடைத்து எடுத்துவிட்டான்.

சர்வேயர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்? உங்க ரெண்டு பேர் சண்டைல என் ஆறு ஏன் வத்தணும்?"

எனக்குத் தலை சுற்றியது. குட்டையைத் தெளிய வைக்கப் போய் நானே கலக்கிவிட்டேன்.

அன்றைக்குத்தான் டாக்டரும் வாயைத் திறந்தார். வழக்கமாக அமைதியானவர். சிரிஞ்சு பிடிக்கிற கையால் பகடையைப் பிடித்தபடி கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் அண்ணா. போன வருஷம் இவர் ஆறு வாரம் விடாம ஜெயிச்சார். அப்போ யாராவது மலையைப் பத்திப் பேசினீங்களா? அவர் ஜெயிச்சா அவர் மூளை. நான் ஜெயிச்சா என் படையோட கோளாறு. இது என்ன நியாயம்?"

பஸ் டிரைவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். என் மைத்துனனின் காது சிவந்துவிட்டது.

"நான் அப்படிச் சொல்லல டாக்டர்."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

சண்டை முற்றுவதற்குள் நான் ஒரு யோசனை சொன்னேன். எடைகளையெல்லாம் பழையபடி வைத்துவிடுவோம். அடுத்த வாரம் இருவரும் படையை மாற்றிக்கொண்டு ஆடட்டும். சதுப்பு ஜெயித்தால் படையில் கோளாறு; டாக்டர் ஜெயித்தால் அது அவருடைய திறமை. அறையில் இருந்த எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை என் மைத்துனன் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு முன்னதாகவே வந்து, டாக்டரின் வீரர்களை முட்டையைப் போலத் தூக்கி நிறுத்தினான். முதலில் அணிவகுத்தவர் முதலில் ஆடலாம் என்பது எங்கள் விதி. அவன் ஆரம்பித்தான். கடையில் கூட்டம்; மணி அடிக்கும்போதெல்லாம் நான் கீழே இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை ஏறி வரும்போதும் சதுப்புக்காரர்கள் குறைந்திருந்தார்கள். நான்கு மணிக்கு டாக்டர், நட்டுக் கேடயம் பிடித்த ஒருவனைக் கொடிமேட்டில் ஏற்றி நிறுத்தினார்.

எட்டாவது... இல்லை, அதற்குள் பதினோராவது தோல்வி. இந்தத் தடவை குறை சொல்லப் படைகூட இல்லை.

என் மைத்துனன் டாக்டருக்குக் கை கொடுத்தான். "நீங்கதான் பெட்டர். ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். தன் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவர் இவ்வளவு மோசமா ஆடமாட்டாரே அண்ணா" என்றார். "என்னமோ சரியில்ல."

வீட்டில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி போனையே எடுக்க மாட்டேங்கறான். பொம்மையை வெச்சு ஒருத்தனை அழ வைக்க உங்களால மட்டும்தான் முடியும்."

"நான் என்ன பண்ணேன்? நியாயமாத்தானே பாத்தேன்."

"அந்த நியாயத்தை எனக்கும் காட்டுங்க. நான் வந்து ஆடறேன்."

விளையாட்டின் விதிப் புத்தகத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஞாயிறு காலை கடையைத் திறக்காமல் இருவரும் மாடிக்குப் போனோம். அவளுக்குச் சதுப்பு, எனக்கு மலை. அவள் வலது கையில் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இடது கையால் வீரர்களை நகர்த்தினாள். வில்காரர்கள் ஆறு பேர் என் பூதத்தின்மேல் அம்பு எய்தார்கள். அப்புறம் அவள் கை அப்படியே நின்றது.

சதுப்புப் படைக்கு மட்டும் மூடுபனி உண்டு. கடைப் பஞ்சைப் பிய்த்து மேசையில் வைப்போம். பஞ்சுக்குள் நிற்பவனை எதிராளி தாக்க முடியாது. அந்தப் பஞ்சு எப்போது நகரும் என்பதைத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"'முறை முடிந்ததும் மூடுபனி ஒரு சாண் தூரம் நகரும்.' யார் முறை?"

"என்ன யார் முறை?"

"என் முறை முடிஞ்சதுமா, இல்ல உங்க முறையும் முடிஞ்சப்புறமா?"

"அது வந்து..." என்றேன்.

"இப்பவே நகர்ந்தா என் ஆளுங்க மேல போர்த்திக்கும். நீங்க திருப்பி அடிக்க முடியாது. உங்களுக்கு அப்புறம் நகர்ந்தா என் ஆளுங்க ஆறு பேரும் செத்தாங்க. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் ஒன்றில்லை. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டுமா பின் போட வேண்டுமா என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்கு எழுதிக் கொடுக்கிறவன், என் சொந்த விதியில் எழுவாயை விட்டிருக்கிறேன்.

"நீங்க என்ன நினைச்சு எழுதினீங்க?" என்றாள்.

யோசித்தேன். பதினோரு வருடம் முன்னால் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

அன்று மாலையே நான்கு பேரையும் வரவழைத்தேன். என் மைத்துனனை அவன் அக்காவே கையோடு இழுத்து வந்தாள். கேட்டுப் பார்த்ததில் எல்லாம் வெளியே வந்தது. டாக்டர், தன் முறை முடிந்த உடனே பனி நகரும் என்று படித்திருக்கிறார். என் மைத்துனன், இருவர் முறையும் முடிந்த பிறகு என்று படித்திருக்கிறான்.

"இத்தனை வருஷமாவா கவனிக்கல?" என்றார் பஸ் டிரைவர்.

கவனிக்க வழியில்லாமல்தான் இருந்தது. இரண்டரை மாதம் முன்புவரை சனிக்கிழமைகளில் டாக்டர் கிளினிக்கை முடித்துவிட்டுத் தாமதமாகத்தான் வருவார். என் மைத்துனன் முதலில் ஆடுவான், அவர் இரண்டாவது. அவர் முறை முடிவதும் இருவர் முறையும் முடிவதும் ஒரே நேரம். யார் எப்படிப் படித்திருந்தாலும் பனி ஒரே சமயத்தில்தான் நகரும். உதவிக்கு இன்னொரு டாக்டர் சேர்ந்த பிறகு அவர் சீக்கிரம் வந்து முதலில் ஆட ஆரம்பித்தார். அன்றிலிருந்துதான் எல்லாம் தலைகீழானது. அவர் அடித்துவிட்டுப் பனியைப் போர்த்திக்கொள்வார். அவர் முறை முடிந்ததும் பஞ்சு நகர்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய இவனுக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. படை மாறிய அன்று இவன் பனிக்காகக் காத்திருந்து அடி வாங்கினான்.

"நீங்க ஏதோ திட்டத்தோட பனியை நகர்த்தாம வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார் டாக்டர். "பயந்துகூடப் போனேன்."

"அப்ப நான் தோத்ததெல்லாம் தோல்வி இல்லையா?" என்றான் அவன்.

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம் வெற்றி இல்லையா?" என்றார் அவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தெரியவில்லை என்றேன். ஓட்டுக்கு விட்டுவிடலாம் என்றார் சர்வேயர். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. சதுப்புக்காரர் முறை முடிந்ததும் நகரட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன்.

கை தூக்கியது என் மைத்துனன்.

"மாப்ளே, அது உனக்கு எதிரான விதி."

"தெரியும் மாமா. அந்த விதியிலயே டாக்டரை ஜெயிக்கணும். விதியை மாத்தி ஜெயிச்சா எனக்குத் தூக்கம் வராது."

சர்வேயரும் அவனோடு கை தூக்கினார். இருவர் முறையும் முடிந்த பிறகு என்பவர்கள்? டாக்டரின் கை நேராக மேலே போனது.

"பனியால ஜெயிச்சேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது" என்றார். பஸ் டிரைவர் அவர் பக்கம்.

இரண்டுக்கு இரண்டு. மீதி நான். அவரவர் தமக்குப் பாதகமான விதியைக் கேட்டு மல்லுக்கட்டுகிறார்கள். யாருக்குச் சாதகமாகச் சொன்னால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்தது: இரண்டு பேரும். வாய் தானாகப் பேசிவிட்டது.

"பனியே வேண்டாம். எடுத்துடுவோம்."

"என்னது?" என்றார்கள், இருவரும் ஒரே குரலில்.

"பனி இல்லாம சதுப்பு எதுக்கு? என் ஆளுங்க குடை பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்றார் டாக்டர்.

"அவங்க பனியில கை வைக்க நீங்க யாரு மாமா?" என்றான் என் மைத்துனன். அவன் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

விதிப் புத்தகம் என் கையிலிருந்து எப்போது போனது என்று தெரியாது. பார்த்தபோது இருவரும் ஜன்னலோரம் ஒரு மருந்துப் பெட்டியை மேசையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொல்ல, இவன் எழுத, அவர் அடிக்க, இவன் திரும்ப எழுதினான். அடுத்த சனிக்கிழமையும் அதே வேலைதான். ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் மூடுபனிக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதன்படி, பனியை எப்போது நகர்த்துவதென்று சதுப்புக்காரர் ஆட்டத் தொடக்கத்திலேயே சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

புது விதியில் முதல் ஆட்டம் மூன்று மணி நேரம் போயிற்று. கடைசியில் மலைப்படையில் மிஞ்சியது ஒரே ஆள். அவன் கொடிமேட்டில் நின்றான். என் மைத்துனன் ஜெயித்துவிட்டான். நாங்கள் கை தட்டினோம்.

அவன் மட்டும் புருவத்தைச் சுருக்கினான். "மலை கொஞ்சம் அதிக பலமா இருக்கு. பூதத்தோட எடையை ஏத்தணும்."

"ஒண்ணும் ஏத்த வேண்டாம்" என்றார் டாக்டர். "சரியாத்தான் இருக்கு. நான்தான் சீட்டுல தப்பா எழுதிட்டேன்."

"இல்ல டாக்டர், நீங்க நல்லாத்தான் ஆடினீங்க. படைதான் கோளாறு."

"நான் தோத்தேன்னு ஒத்துக்கக்கூட விடமாட்டீங்களா?"

இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிடிபட எனக்குச் சற்று நேரமானது. பிடிபட்ட பிறகும் ஏன் என்று விளங்கவில்லை. சர்வேயர் தன் ஆற்றுப்படையை என் பக்கம் தள்ளினார். "இவங்க முடிக்க நேரமாகும். நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்றார். எதிரில் பஸ் டிரைவர் காட்டை அணிவகுத்து முடித்திருந்தார்.

நான் ஒரு படகை எடுத்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.