லேசான கம்பு

கம்பு வாங்கிய அன்று ஞானையாவின் பழைய இரும்புக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவுக்குப் பின்னால் ஞானையா, அடிவயிற்றில் தையல் போட்டு இருபத்து மூன்று நாளான ஜெயவேலு, அவன் மனைவி பச்சையம்மா, மொட்டை மாடியிலிருந்து கழற்றிய டிவி ஆண்டெனாவை எடைக்குப் போட வந்த கீழ்க்கட்டளை கோபு. ஒரு பூனையும் இருந்தது. அதை விட்டுவிடலாம்.

ஜெயவேலுவுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை. தாம்பரம் சானடோரியம் பக்கம் டெலிபோன் உதிரிபாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, நாற்பத்தாறு ஜன்னல். திரிசூலம் கல்குவாரியிலிருந்து பறந்து வரும் வெள்ளைத் தூசி ஒரே வாரத்தில் கண்ணாடியை மூடிவிடும். ஒன்பது வருஷமாக அதை அவன்தான் துடைத்தான். பத்தடி மூங்கில், அதன் நுனியில் சுற்றிய சாக்கு, இரும்பு வாளி, பன்னிரண்டு அடி மர ஏணி. சாக்கு தண்ணீர் குடித்துவிட்டால் கைக்குழந்தை கனம் கனக்கும். அந்தக் கனத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி, வலது தொடை இடுக்கில் குடல் பிதுங்கிக்கொண்டது. வெட்கப்பட்டு ஒரு வருஷம் வேட்டியை இறுக்கிக் கட்டிச் சமாளித்தான். பிறகு நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அரைக் குடம் தண்ணீருக்கு மேல் மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மறுபடி பிய்த்துக்கொண்டால் தைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பூஜைக்கு முதலாளி வருவார். அதற்குள் அத்தனை கண்ணாடியும் பளிச்சென்று இருக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று நிர்வாக அதிகாரி தோத்தாத்ரி சொல்லி அனுப்பியிருந்தார். தோத்தாத்ரி மிரட்டுகிற மனிதர் இல்லை. ஜெயவேலு பயந்ததே அதனால்தான்.

ஆகவே, லேசான கம்பு ஒன்று வேண்டும்.

கடையில் இருந்த ஒவ்வொரு கம்பாக வாங்கி, வலது கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இடது கையைத் தையல் மேல் வைத்துக்கொண்டு இருமிப் பார்த்தான் ஜெயவேலு. இருமினால் தையல் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். அது ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது. இரும்புக் குழாயைத் தூக்கியபோது இருமத் தேவையே இருக்கவில்லை, முகம் கோணியது.

"கம்பு வாங்க வந்தீரா, இருமுறதுக்கு வந்தீராவே?" என்றார் ஞானையா. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தாம்பரம் வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"எட போட்டுப் பாக்குறேன் அண்ணாச்சி."

"எட போட அங்க தராசு இருக்கு. ஒம்ம தராசுல தப்பு வந்தா என் கடையில விழுந்து கெடப்பீரு."

கரண்டு வயர் போகும் பிளாஸ்டிக் குழாய் லேசாக இருந்தது. ஆனால் நுனியில் கொஞ்சம் பாரம் வைத்ததும் நாய் வாலைப் போல வளைந்தது. மூங்கிலிலேயே மெல்லிசாக ஒன்று பார்த்தார்கள். அதில் பூச்சி அரித்திருந்தது.

பச்சையம்மா எந்தக் கம்பையும் பார்க்கவில்லை. கோபு கொண்டுவந்து போட்ட ஆண்டெனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலங்கை டிவி பிடிக்க வேண்டுமென்று வீட்டுக்காரர்கள் ஆசையாக உயர்த்தி வைத்த அலுமினியக் குழாய் அது. இப்போது தெருவுக்குத் தெரு கேபிள் வந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு குழாய். இழுத்தால் பன்னிரண்டு அடி, உள்ளே தள்ளினால் ஆறு. நடுவில் ஒரு போல்ட்டு. அவள் குனிந்து அதை எடுத்தாள்.

"யோவ், இத்த பாரு. ஒத்தக் கையில வருது."

நிஜமாகவே ஒற்றைக் கையில்தான் தூக்கியிருந்தாள். வளையல் முழங்கை வரை இறங்கிவிட்டது. குழாயின் நுனி கடையின் தகரக் கூரையைத் தொட்டு டிங் என்றது. பூனை ஓடியது.

"அக்கா பலே ஆளு" என்றான் கோபு. "பேசாம நீயே போயி தொடச்சிட்டு வந்துரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயவேலுவும் சிரித்தான்; சிரித்ததில் தையல் இழுத்தது, கையை வைத்து அமுக்கிக்கொண்டான். பிறகு குழாயை வாங்கித் தூக்கி, இருமிப் பார்த்தான். வலி இல்லை. மூன்று தரம் இருமினான். இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நாள், ஒரு பழைய ஆண்டெனாக் குழாய் அவனைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தான்.

மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. பழைய காரின் வைப்பர் ரப்பரை ஒரு கட்டையில் பதித்து நுனியில் மாட்டினார்கள். சாக்குக்குப் பதில் பஸ் சீட்டுப் பஞ்சு. இரும்பு வாளிக்குப் பதில் பெயிண்ட் கம்பெனியின் சின்ன பிளாஸ்டிக் டப்பா. பாதி ரொப்பினால் குழந்தைகூடத் தூக்கும்.

மறுநாளே கம்பெனிக்குப் போனார்கள். டப்பா சின்னது, அடிக்கடி ரொப்ப வேண்டும், குனிந்து நிமிர்வதும் ஆகாது. அதனால் பச்சையம்மாவும் கூடப் போனாள்.

"இவங்க யாரு?" என்றார் தோத்தாத்ரி.

"சம்சாரம் சார். தண்ணி எட்துக் குட்க்க."

"பேர் சொல்லுங்கம்மா, பாஸ் போட்டுத் தரச் சொல்றேன். உடம்பைப் பார்த்துக்கோங்க ஜெயவேலு, அவசரமே இல்ல." அவசரம் இல்லை என்றவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

முதல் நாள் கீழ்த்தள ஜன்னல் ஆறு முடிந்தது. இரண்டாம் நாள் கம்பை நீட்டி மாடி ஜன்னலைத் தொட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பு லேசுதான். ஆனால் கையை உயர்த்தி, அண்ணாந்து, அழுத்தி இழுக்கும்போது அடிவயிறு இறுகுகிறது. கடையில் அவன் தூக்கிப் பார்த்தான், இழுத்துப் பார்க்கவில்லை. நாலு ஜன்னலுக்குள் வியர்த்துக் கொட்டி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"குடு இங்க" என்றாள் பச்சையம்மா.

"உனக்கு வராது. கோடு கோடா நிக்கும்."

"நின்னா நிக்கிது. நீ கோட்ட எண்ணு."

கோடு நிற்கவில்லை. மேல் மூலையில் ரப்பரைச் சாய்த்து வைத்து, கையை எடுக்காமல் பாம்பு ஊர்வதுபோல வளைத்து வளைத்துக் கீழே கொண்டுவந்தாள். ஒன்பது வருஷத்தில் அவனுக்குத் தோன்றாத வழி. அவன் மேலிருந்து கீழாக நேராக இழுப்பான். இரண்டு இழுப்புக்கு நடுவில் ஒரு கோடு நிற்கும். அதைத் திரும்பத் துடைப்பான். இவளுக்கு இரண்டாம் தரம் வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் முதல் அவன் உள்ளே நின்றுகொண்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அழுக்கு எங்கே என்று விரலால் காட்டுவான். கீழே நின்று அவள் கம்பை நீட்டித் துடைப்பாள். ஒரு ஜன்னலில் ஒரு கறை போகவே இல்லை. அவன் விரலை வைத்துக் குத்திக் குத்திக் காட்டினான். அவள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, 'அது உன் பக்கம்யா' என்று வாயை மட்டும் அசைத்தாள். அவன் துண்டால் துடைத்தான். போய்விட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பகல் அவர்களுக்கு வாய்த்ததில்லை. அப்போதுதான் தனக்குப் பின்னால் யாரோ நிற்பது ஜெயவேலுவுக்குத் தெரிந்தது. தோத்தாத்ரி. கையைப் பின்னால் கட்டியபடி, ஜன்னல் வழியாகப் பச்சையம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லையே" என்றார். "ஏணி இல்லாமயே முடிஞ்சுடறதே."

"ஆமா சார். கம்பு அப்டி" என்றான் ஜெயவேலு பெருமையாக.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பே நாற்பத்தாறும் முடிந்தது.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பின்பக்க ஷெட்டில் இருந்த சாமான்களையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள்: விளக்குமாறு, மண்வெட்டி, மர ஏணி, கடைசியில் அலுமினியக் கம்பு. கம்பில் மூன்று இடத்தில் பொட்டு. பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் எடுத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். முதலாளி வந்தார், கற்பூரம் காட்டினார்கள், பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துணிப் பொட்டலம் தந்தார்கள். பச்சையம்மாவின் பெயர் வந்தது. ஜெயவேலுவின் பெயர் வரவில்லை.

தோத்தாத்ரி அவனை ஷெட்டுப் பக்கம் கூட்டிப் போனார். அவர் குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. அம்மா நன்னாப் பண்றாங்க. யார் தொடச்சதுன்னு முதலாளியே கேட்டார். உங்க வீட்டுக்குத்தானே சம்பளம் வரப்போறது? கொஞ்சம் குறைச்சலா இருக்கும், புது ஆள் இல்லையா. நீங்க ரெஸ்ட் எடுங்கோ."

"எனுக்கு சரியாப் பூட்ச்சி சார்."

"அப்படி இல்ல ஜெயவேலு..."

"நீங்க பாருங்க சார்."

அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் ஜெயவேலு மர ஏணியைத் தூக்கிவிட்டான். ஷெட்டில் நின்ற ஆட்கள், "அண்ணா, பூஜைல வச்சது, தொடாத!" என்று கத்தினார்கள். அவன் ஏணியைத் தோளில் வைத்து முற்றத்தைக் கடந்து, எதிர்ச் சுவரில் சாத்தினான். சாத்தும்போது உள்ளே ஏதோ விட்டது. நைந்த வேட்டி கிழிகிற மாதிரி, சத்தமே இல்லாமல். சாமி குற்றம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சாமிக்கு அதில் வேலை இல்லை. ஏணி கனம்.

தோளெல்லாம் குங்குமமாகத் திரும்பி நின்றான். "பாத்தீங்களா சார்?" என்றான்.

தோத்தாத்ரிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "எதுக்கு இதெல்லாம்?" என்றார். "ஏணியே இனிமே வேண்டாமே. அந்தக் கம்பு போதுமே."

வீடு திரும்பும் வழியில் செம்பாக்கம் ஏரி வந்தது. ஏரிக்கரையில் பச்சையம்மா நின்றாள். துணிப் பொட்டலம் அக்குளில் இருந்தது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வாணாம்னு சொல்ட்டு வந்துர்ட்டா?"

"சொன்னா?"

"வேற எவனாவது வருவான்."

"அப்ப நீ போ."

"நான் ஒண்ணும் கேட்டு வாங்கலய்யா."

"தெரியும். போமே."

"மொகத்த அப்டி வச்சிகினு போன்னா எப்டி போவ?"

"வேற மொகம் இல்ல, இருக்கறது இதான்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

ராத்திரி குளிக்கும்போது தொட்டுப் பார்த்தான். வீக்கம் திரும்ப வந்திருந்தது. படுத்துக்கொண்டு அமுக்கினால் உள்ளே போயிற்று. எழுந்தால் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் கூட நிற்க வேண்டும். அவள் கூட நின்றால், வந்த வேலையும் போய்விடும். இந்தக் கணக்குக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

விஜயதசமி லீவு முடிந்த மறுநாள் காலை அவளோடு கம்பெனி வரை போனான். கேட்டில் வாட்ச்மேன் பொன்னுசாமி பாஸை வாங்கிப் பார்த்தான். அவனும் ஜெயவேலுவும் ஒன்பது வருஷம் சேர்ந்து டீ குடித்தவர்கள்.

"அக்காவுது கீது" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி, "உன்னுது இல்ல அண்ணா" என்றான்.

"நான் வரல. சும்மா வந்தேன். மேல ஏழாவது ஜன்னலு, கொக்கி லூசு. அது மட்டும் பாத்து இழுக்கச் சொல்லு."

"ஏன், எங்கிட்டச் சொல்ல மாட்டியா?" என்றாள் பச்சையம்மா. அவள் பார்வை அவன் கைக்குப் போயிற்று. "இன்னாத்துக்கு அங்கயே கைய வச்சிகினு கீற?"

"தையலு அரிக்குது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை. மறுபடி முகத்தை. உள்ளே சங்கு ஊதியது. நேரம் ஆகிவிட்டால் முதல் நாளே அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று பொன்னுசாமி சொன்னான்.

"சாய்ங்காலம் வந்து பாக்குறேன்" என்றாள்.

பெரிய கேட்டுக்குள் இருந்த சின்ன இரும்புக் கதவில் தலையைக் குனிந்து நுழைந்தாள். பொன்னுசாமி அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.